ஐந்தாவது வீடு, ஆறாவது குடம்

வெளியே பூட்டிய வீடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் காலத்து மைசூரில் வேறு எவருக்கும் தெரிந்திருக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. பகலெல்லாம் ஊரார் வீட்டுக் கதவைத் தட்டி, திறக்கச் சொல்லிக் கெஞ்சுவது என் உத்தியோகம். காலையில் உத்தியோகத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். உள்ளே என் அக்கா இருந்தாள்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவள்தான் என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வரிசை வீடுகள், எட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய், அதில் கடைசி வீடு எங்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கும் மில். அந்த மில்லின் இரைச்சலை நாங்கள் திட்டாத நாளில்லை. அக்காவுக்கு இருமல் வந்த பிறகு அதுவே எங்கள் காவல் சம்மனசு ஆகிவிட்டது.

மார்க்கெட் பக்கம் இருந்த டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுக்க எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் அக்கா அந்தச் சீட்டை நான்காக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். எங்கள் அம்மா இதே இருமலோடு ஊருக்கு வெளியே இருந்த க்ஷய ஆஸ்பத்திரிக்குப் போனவள். திரும்பி வரவில்லை.

"அம்மா போன எடத்துக்கு நான் போமாட்டேன், பாப்பா. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா வேலை போச்சு. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வீடு போச்சு. கொஞ்ச நாள் என்னைப் பூட்டி வை. தானே சரியாயிடும்."

பூட்டச் சொன்னது அவள்தான். இதை நான் எனக்குச் சாதகமாக எத்தனையோ முறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு டைபாய்டு பலவீனம் என்று லீவு எழுதினோம். காம்பவுண்டில் கொள்ளேகால் அத்தை வீட்டுக்குப் போகிறாள் என்று சொன்னோம். அப்படி ஓர் அத்தை உண்மையில் இருந்தாள், செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். டிரங்குப் பெட்டியோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கொள்ளேகால் பஸ் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு காம்பவுண்டு கண்ணயரும் நேரத்தில் திரும்பி வந்து அவள் உள்ளே நுழைந்தாள், நான் வெளியே பூட்டினேன். இருவரும் ஒரே உயரம். விடியுமுன் ஒருமுறை, விளக்கு வைத்த பின் ஒருமுறை, என் சேலையைப் போர்த்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் வருவாள். பார்க்கிறவர்களுக்கு அது நான்.

மில் ஓடும்வரை கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அதற்காக நான் இருமப் பழகினேன். உள்ளே அவள் இருமினால், உடனே நான் முற்றத்தில் நின்று அதே மாதிரி இருமுவேன். முதலில் வெறும் நடிப்பாக இருந்தது, போகப் போக நன்றாகவே கைவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் இரக்கப்பட்டு, "கஷாயா குடி, தாயி, எத்தனை நாளா இருமுறே," என்று சுக்குக் கஷாயம் போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைப்பார். ஒன்று காலைக்கு, ஒன்று மாலைக்கு என்று நினைத்து வாங்கிக்கொள்வேன். மனசுக்குள் அந்த அம்மாளின் வெகுளித்தனத்தைப் பார்த்துச் சிரிப்புக்கூட வந்தது.

மூன்றாவது மாதம் எனக்கு வேலை கிடைத்தது. ஊரில் காசநோய் எங்கெங்கே இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க ஓர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். ரயில் பாதைக்கு அப்பால் இருந்த சந்துகளில் கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் இருந்தார்கள். கல் உடைப்பவர்கள், தெரு கூட்டுபவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் கன்னடத்தில் கேட்டால் பதில் வரவில்லை, தமிழ் பேசும் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். சேரும்போது ஒரு காகிதம் நீட்டினார்கள். என் வீட்டில் யாருக்கும் தொற்று நோய் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். விலாசம் கேட்டதற்கு, எங்கள் மாதா கோயில் காம்பவுண்டு விலாசத்தைக் கொடுத்தேன்.

எங்களுக்கு மேலே ஒரு டாக்டரம்மா. குள்ளமான உருவம், குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எங்களுக்கு அவரிடம் நடுக்கம். அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன். அவர் வைத்த விதிகள் சுலபமானவை. தெருமுனையிலிருந்து எண்ண வேண்டும். ஒவ்வொரு ஐந்தாவது வீட்டிலும் தட்ட வேண்டும். எத்தனை பேர், யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால் சளி எடுக்க டப்பா கொடுக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் வேறு வேறு நாள் மூன்று முறை போக வேண்டும். அப்போதும் பூட்டியிருந்தால் அச்சடித்த பாரத்தில் மூன்று தேதியையும் போட்டு 'தட்டினேன், பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை மட்டும் எடுக்கவே கூடாது.

சந்துக்குள் என் தலை தெரிந்ததும் பூட்டுகள் விழும். அதுவரை வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியாது. பிளேக் காலத்தில் இப்படித்தான் நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஆளைக் கூட்டிப்போய் ஊருக்கு வெளியே போட்டார்கள் என்ற பயம் அங்கே இன்னும் இருந்தது. என்னைப் பார்த்தால் கையில் ஒரு பாரம், இடுப்பில் ஒரு பை, முகத்தில் ஓர் அதிகாரக் களை. நானாக இருந்தாலும் பூட்டியிருப்பேன். பூட்டிக்கொண்டும்தான் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா என் பாரங்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பாதிக்குப் பாதி பூட்டின வீடு. நாம தேடற ஆளுங்க அதுக்குள்ளதான் இருக்காங்க. கதவைத் திறக்கறவங்க சௌக்கியமா இருக்கறவங்க. அவங்களை மட்டும் எண்ணி, ஊரே சௌக்கியம்னு எழுதினா, அந்தக் காகிதத்துல பொட்டலந்தான் கட்டலாம்."

மறுநாள் காலை தண்ணீர் விடும் நேரத்தில் அந்தச் சந்துக் குழாயடிக்குப் போனேன். மூன்று முறையும் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்காரி அங்கே நின்றாள். புருஷன் ஊருக்குப் போய்விட்டான், நான் தனியாள், பகலில் சூளை வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தவள். அவள் குடங்களை எண்ணிக்கொண்டே நின்றேன். நான்கு, ஐந்து, ஆறு. அன்றைக்கு விடிந்ததும் நான் தூக்கிய குடங்களும் ஆறுதான். ஒரு ஆளுக்கு மூன்று குடம் தாராளம். படுத்திருப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால், துணி நனைக்க, பாத்திரத்தைத் தனியாகக் கொதிக்க வைக்க, இன்னொரு மூன்று வேண்டும்.

"தனியாளுக்கு ஆறு குடமாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். என்னைக் கூட்டிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே அவள் புருஷன், கல் உடைப்பவன், கோணிமேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் பட்டதும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். பாரத்தை நிரப்பி, டப்பாவைக் கொடுத்து, புது ஊசி வந்திருக்கிறது, குணமாகிறது என்று எனக்குச் சொல்லித்தந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க அம்மணி, உங்கூட்டுல ஒருத்தரு இப்படிக் கெடந்தா நீங்க தொறப்பீங்களா?"

"தொறப்பேனுங்க," என்றேன்.

என் கழுத்தில், மாதா பதக்கம் கோத்த அதே கயிற்றில், என் வீட்டுச் சாவி கிடந்தது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வயதில் பாராட்டுக்கு ஆசைப்படாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. குடக் கணக்கை டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லோரையும் கூப்பிட்டு என்னை நடுவில் நிறுத்தி, இனிமேல் மூன்று முறை பூட்டிய வீடு என்றால் அந்தத் தெருக் குழாயடியில் நின்று யார் யாருக்காகத் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று பாருங்கள் என்றார். இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னதும் அவள் சிரித்தாள். "நல்ல யோசனை. நம்ம வீட்டுக்கு எத்தனை குடம்னு சொன்னியா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையணைக்கடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். சந்தில் கொடுப்பதற்காக நான் பையில் கொண்டுவந்த துண்டுக் காகிதம், புது ஊசியைப் பற்றியது. மடிப்புகள் எல்லாம் கிழிந்துபோகும் அளவுக்குப் படித்திருந்தாள்.

"இது நெஜம்னா என்னைத் தொற, பாப்பா. ஸ்கூல் போனா போவட்டும். நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்?"

நான் போட்டிருந்த கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். இப்போது தெரிந்தால் பொய் சொன்னதற்கு என்னைத் துரத்துவார்கள், இரண்டு பேரும் தெருவில் நிற்போம், இந்தக் கணக்கெடுப்பு முடியட்டும் என்றேன். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. கையில் பாரத்தோடு தெருவில் நடக்கும்போது நான் ஓர் ஆளாக இருந்தேன். அந்த ஆளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அக்கா அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. கத்தியிருந்தால் எட்டு வீடும் கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை. தினமும் விடிந்ததும் பள்ளிக்கூடச் சேலையைக் கட்டி, தலை சீவி, உள்ளே உட்கார்ந்துகொள்வாள். அது எனக்கு அவள் கத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு கணக்கெடுப்பு எங்கள் தெருவுக்கே வந்தது.

வரைபடத்தில் தெருவைப் பார்த்ததுமே கையை நீட்டினேன். நானே எடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முனையிலிருந்து எண்ணினேன். ஐந்தைந்தாக வந்த கணக்கு எங்கள் காம்பவுண்டுக்குள் நுழைந்து, கடைசிக் கதவில் போய் நின்றது. மறுபடி எண்ணினேன். மில் வாட்ச்மேன் குடிசையை ஒரு வீடாகச் சேர்த்தால் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், அதில் யாரும் குடியில்லை என்று ஏற்கெனவே குறித்திருந்தார்கள். எத்தனை முறை எண்ணினாலும் என் பூட்டின் முன்னால்தான் நின்றேன். எலிப்பொறிக்குள் அகப்பட்டால் எலி பொறிமேல் கோபப்படுமோ என்னவோ, எனக்கு டாக்டரம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

பாரத்தை எடுத்தேன். கதவு எண்ணை எழுதினேன். மூன்று வேறு வேறு தேதிகளைப் போட்டு, 'தட்டினேன், பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இதையெல்லாம் எழுதியது அந்தப் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்துதான். அக்கா எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.

நான்கு நாள் கழித்து, காலையில் எங்கள் காம்பவுண்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்க வரும்போதும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வருவேன். ஆறாவது குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் டாக்டரம்மா, கையில் என் பாரத்தோடு நின்றிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "எனக்கு முன்னாடியே வந்துட்டியா? கடைசி வீடு மூணு தடவையும் பூட்டியிருக்குன்னு எழுதியிருந்தியே, குழாயடிக்கு நானே வந்து பாக்கலாம்னு வந்தேன். யார் அந்த வீட்டுக்குத் தண்ணி..."

அத்தோடு நிறுத்திவிட்டார். என் இடுப்புக் குடத்தைப் பார்த்தார். செருப்பில்லாத காலைப் பார்த்தார். கடைசி வீட்டு வாசலில் வரிசையாக இருந்த ஐந்து குடங்களைப் பார்த்தார்.

குடத்தை இறக்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை, அது இடுப்பிலேயே கனத்துக்கொண்டிருந்தது. அவர் அந்த வாசல்வரை நடந்துபோய்ப் பூட்டின் முன்னால் நின்று, பாரத்தைப் பிரித்து, குரலை உயர்த்தாமல் என்னைப் பார்த்துப் படித்தார். முதல் தேதி. தட்டினேன், பதில் இல்லை. இரண்டாம் தேதி. தட்டினேன், பதில் இல்லை. மூன்றாம் தேதி.

மில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. வகுப்பில் பாடம் சொல்லும் குரல், சுத்தமான கன்னடத்தில்.

"டாக்டரம்மா, நான் உள்ளதான் இருந்தேன். அவ ஒரு தடவைகூடத் தட்டலை."

அதில் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்வதுபோலத்தான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் என்னை யார் யாரோ எப்படியெல்லாமோ திட்டியிருக்கிறார்கள். அவையெல்லாம் மறந்துவிட்டன.

பூட்டைத் திறக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. அக்கா இஸ்திரி போட்ட பள்ளிக்கூடச் சேலையில் எழுந்து நின்று டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொன்னாள். டாக்டரம்மா பழைய பாரத்தைக் கிழிக்கவில்லை. புதுப் பாரம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "கேள்," என்றார். வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள் என்றேன். "நீதான் கேட்கணும்," என்றார். என் அக்காவிடம் அவள் வயதைக் கேட்டேன். எத்தனை வாரமாக இருமல் என்று கேட்டேன். "நாப்பத்தி மூணு," என்றாள். உள்ளே இருந்தவளுக்கு வாரக் கணக்கு தெரிந்திருந்தது.

வெளியே காம்பவுண்டே கூடியிருந்தது. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் உள்ளே வந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ரெண்டு பேருக்கும்னுதானே, தாயி, ரெண்டு டம்ளர் வெச்சேன்? சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் காது இல்லையா? நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அந்த அம்மாளுக்கு முதல் மாதமே தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாளும் யாரிடமிருந்து ஒளித்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு முதன்முறையாக நான் வாய்விட்டு அழுதேன்.

வேலை போகவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். அந்தப் பழைய பாரத்தை டாக்டரம்மா என் கண் எதிரிலேயே மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். "நாளைக்கு மீதிப் பூட்டின வீட்டுக்கெல்லாம் போ. எப்படிப் பூட்டுவாங்கன்னு உனக்குத் தெரியும்," என்றார். அக்கா அன்று கேட்டபோதே திறந்திருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

ஐந்து வாரத்தில் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஒன்றரை வருஷம் இருந்தாள். ஒரு பக்கத்து நுரையீரல் உதவாமல் போய்விட்டது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும் என்று, சேர்த்த அன்றைக்கே அங்கிருந்த டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், அவருக்கு எங்கள் கதை தெரியாது. அவள் முதல்முறை என்னைத் திறக்கச் சொல்லி அப்போது ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. நான் கணக்குப் பார்த்துவிட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு முப்பது வருஷம் சேர்ந்து இருந்தோம். பகலில் கதவைச் சாத்தவே விட மாட்டாள். திறந்த வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நான் வேலையிலிருந்து வந்து, திறந்து கிடக்கும் கதவை விரலால் மூன்று முறை தட்டுவேன். முதல் நாள் மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். பிறகு பழகிப்போய், "உள்ளதான் இருக்கேன், வா," என்பாள்.

அவள் போய் ஆறு வருஷமாகிறது. இப்போதும் கடைக்குப் போய்த் திரும்பினால், சாவியை எடுப்பதற்கு முன் மூன்று முறை தட்டுகிறேன். சற்று நின்று பார்த்துவிட்டு, நானே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகிறேன்.